இரவல் கார்டு

சலவைக்கூடத்தில் அவளுக்கு நெட்டை என்று பெயர். சேர்ந்த முதல் நாளே வைத்துவிட்டார்கள். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து, ஆளுயர இரும்பு உருளைக்குள் ஒரு பக்கம் ஈரமாக நுழைப்பார்கள். மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். வெளியே வருகிற பக்கத்தில் இரண்டு பெண்கள் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. பிடித்து, உதறி, நீளவாக்கில் இரண்டு மடிப்பு மடித்து, பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். உயரமானவள் கையில் விரிப்பு தரையில் புரளாது என்று மேஸ்திரி அவளை அங்கே நிறுத்தினார். எதிரே முதலில் நின்றவள் வேலையை விட்டுப் போன பிறகு அவருக்குக் கிடைத்தவளோ நெட்டையின் தோளுக்குக்கூட எட்டாதவள். அவளைப் பொடிசு என்பார்கள். கொடிக்கம்பத்துக்கும் குடத்துக்கும் ஜோடி சேர்த்துவிட்டார் என்று மற்ற பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கும் சலித்துவிட்டது.

உருளையின் இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் காதில் விழாது. இரண்டு பேரும் முனை சேர்க்க நெருங்கி வரும்போது மட்டும்தான் பேச முடியும். அதனால் அவர்கள் பேச்செல்லாம் தவணை முறையில் நடந்தது. ஒரு விரிப்புக்குக் கேள்வி, அடுத்த விரிப்புக்குப் பதில். குழந்தைக்குப் பேதி என்று பொடிசு சொன்னால், எத்தனை தடவை என்று நெட்டை கேட்பதற்குள் ஒரு விரிப்பு முடிந்திருக்கும். இப்படியே இரண்டு வருஷம் பேசினார்கள். நெட்டை அந்த ஊரில் மனசு விட்டுப் பேசியது அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அவளுக்கு வாய் பல் தேய்க்கவும் சாப்பிடவும்தான் தேவைப்பட்டது.

டயர் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஓர் அறையில் இருந்தாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கை நீட்டினால் தொடலாம். புருஷன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். ஐந்து வாரத்துக்கோ ஆறு வாரத்துக்கோ ஒரு முறை வந்து மூன்று நாள் இருப்பான். ஒரே பெண் குழந்தை, ஐந்து வயது. அது ஒன்றரை வயதிலிருந்து வேறு ஊரில் நாத்தனார் வீட்டில் வளர்கிறது. உருளை வேலைக்கு மாறி மாறி ஷிஃப்ட். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் குழந்தை வந்து காதில் மூச்சு விடும். "பாப்பா, அம்மா பேசறேன்" என்றால் இன்னும் கொஞ்சம் மூச்சு விடும். பிறகு ஓடிவிடும்.

பள்ளிக்கூடம் திறக்கும்போது அழைத்துக்கொண்டு வருவதென்று முடிவாகியிருந்தது. அதற்கு இன்னும் நான்கு மாதம். டயர் கடைக்கு எதிர்த் தெருவிலேயே பள்ளிக்கூடம். மதியத்துக்குப் பிறகு பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடமும் அதே கட்டடத்தில். நெட்டை எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். ஒன்றே ஒன்றுதான் குறுக்கே வரக்கூடாது. வயிறு தெரிந்தால் உருளைப் பக்கம் யாரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவள் ஒருத்தி கூட இல்லை. வேலை போனால் அறை போகும். அறை போனால் அவளும் நாத்தனார் வீட்டு மூலைக்குப் போக வேண்டியதுதான்.

அதனால்தான் அந்தக் கார்டு. சுகாதார நிலையத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கையில் போடுகிற கருத்தடை ஊசிக்கு ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள். போட்டோ கிடையாது, பெயர், வயது, அடியில் புருஷன் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் கார்டு கிடையாது என்பது அந்த நிலையத்தின் சட்டம். நெட்டை என்ன செய்தாள் என்றால், குழந்தையின் தடுப்பூசித் தாள்களோடு இதையும் சேர்த்து நீட்டினாள். அவன் லாரியின் முகப்பில் தாள்களை வைத்து, ஒன்றையும் படிக்காமல், அவள் விரல் காட்டிய மூன்று இடத்திலும் போட்டுவிட்டான். பொய் சொன்னாளா என்றால் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாளா என்றால் அதுவும் இல்லை. அவன் குடிக்காதவன், கை நீட்டாதவன். ஆனால் ஒவ்வொரு தடவை வரும்போதும் பாப்பாவுக்கு ஒரு தம்பி வேண்டாமா என்று கேட்பான். பார்க்கலாம் என்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டிவிட்டாள்.

கார்டு இருக்கிற விஷயம் பொடிசுக்கு மட்டும் தெரியும்.

பொடிசுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு குழந்தைகள், சின்னதுக்கு இரண்டரை வயது. புருஷன் தரைக்கு ஓடு பதிக்கிறவன். அவனிடம் ஒரு நாள் கையெழுத்து கேட்டிருக்கிறாள். இந்த வயதிலேயே இந்த நினைப்பு எதற்கு என்று கேட்டு, இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்திருக்கிறான். மாமியார் அதற்குமேல் ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறாள்; அதுதான் நிம்மதியான வாரம் என்று பொடிசு சிரித்தாள். சிரித்த மறுநாள், முனை சேர்க்க வரும்போது கேட்டாள்.

"அக்கா, உன் கார்டுல போட்டோ இருக்கா?"

அந்த விரிப்பு போயிற்று. அடுத்தது வந்தது.

"இல்லை. ஏன்?"

அடுத்தது.

"ஒரே ஒரு தடவை குடேன்."

நெட்டை பதில் சொல்ல அன்றைய ஷிஃப்ட் முழுவதும் ஆயிற்று. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஊசி போட்டுக்கொள்கிறவள் நடுவில் மாத்திரைக்கு மாறுவது வழக்கம்தான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று மறுபடி ஊசிக்கே திரும்பி வருவதும் வழக்கம்தான். நர்ஸ் முணுமுணுப்பாள், ஆனால் கொடுத்துவிடுவாள். ஆகவே பொடிசு இந்தக் கார்டோடு போய், ஊசி வேண்டாம், மாத்திரை கொடுங்கள் என்று வாங்கிக்கொள்ளட்டும். ஒரே தடவையில் மூன்று மாதத்துக்குத் தருவார்கள். மூன்று வாரம் கழித்து நெட்டை தன் தேதிக்குப் போய், மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வருகிறது, ஊசியே போடுங்கள் என்பாள். ஊசி நாளான வியாழக்கிழமைக் கூட்டத்தில் நர்ஸ் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

கார்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பொடிசு அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். செம கூட்டம், நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன் என்றாள். அடுத்த வாரம் போகச் சொன்னதற்குப் பார்க்கலாம் என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அவ்வளவு ஆசையாகக் கேட்டவள் ஏன் ஒரேயடியாக விட்டுவிட்டாள் என்று நெட்டை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. விட்டது தொல்லை என்று உறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டியடியில் வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து அவளுடைய வியாழக்கிழமை வந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் பருத்த அம்மாள், கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மாலை மாதிரி போட்டிருப்பாள். கார்டைப் பிரித்தாள். நிமிராமலே, ஊசி கிடையாது, டாக்டர் கடிதம் கொண்டுவா என்று சொல்லித் தள்ளிவிட்டாள்.

நெட்டை அப்போதுதான் பார்த்தாள். கார்டின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

"பிரஷர் நூத்தி அறுபதுக்கு நூத்திப் பத்து. ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் நர்ஸ். "மாத்திரையும் கூடாது, ஊசியும் கூடாது, டாக்டரைப் பாருன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா. மூணு வாரமா என்ன பண்ணிட்டிருந்தே?"

நெட்டை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நர்ஸ் பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்தாள். நூற்றிப் பத்துக்கு எழுபது. மறு கையில் பார்த்தாள். அதே. பட்டையை மாற்றிப் பார்த்தாள். மெஷினைத் தட்டிப் பார்த்தாள். கடைசியில், ஒரு நாள் சரியாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, வாரத்துக்கு ஒரு தடவை வீதம் மூன்று வாரம் பார்த்து, மாதத்துக்கு ஒரு முறை வருகிற டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் ஊசி என்றாள். அதுவரைக்கும் என்று ஓர் ஆணுறைப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தாள். தலைவலி உண்டா, கண் இருட்டுகிறதா என்று கேட்டாள்.

"விளையாட்டா எடுத்துக்காதே. இந்தப் பிரஷரோட வயித்துல ஒண்ணு வந்தா உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."

தலைவலி பொடிசுக்கு உண்டு. வாரத்தில் நான்கு நாள் உண்டு. உருளைச் சூட்டுக்கு வருகிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நெட்டையும் சொல்லியிருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் விரிப்பை உதறும்போது கண் இருட்டுகிறதென்று பொடிசு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் குடி என்று சொல்லிவிட்டு நெட்டை அடுத்த விரிப்பைப் பிடித்தாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை புருஷன் வருகிறான். ஆறு வாரம் ரோட்டில் கிடந்தவன். அவனிடம் இந்தப் பொட்டலத்தைக் காட்டினால், மூன்று வருஷத்துக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்வது? நாத்தனாரிடம் சொன்னால் அது அன்றைக்கே அவள் தம்பியான இவன் காதுக்குப் போய்விடும். கீழே டயர் கடைக்காரர் வணக்கம் சொன்னார்; பதிலுக்கு வணக்கம் சொன்னாள். அன்று அவள் வேறு யாரிடமும் பேசவில்லை. அவள் எதையும் சொல்கிற ஒரே ஆள் பொடிசு. இப்போது விஷயமே அவள்தான்.

வெள்ளிக்கிழமை முதல் விரிப்பிலேயே கேட்டுவிட்டாள்.

"அந்தச் சிவப்பு மை யாரோடதுடி?"

பொடிசின் கையிலிருந்து முனை நழுவித் தரையில் விழுந்தது. விரிப்பை மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று. மேஸ்திரி விசிலடித்தார். நாலைந்து விரிப்புகள் போயின. பிறகு பொடிசு தவணை தவணையாகச் சொன்னாள். நர்ஸ் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. ஏற்கெனவே சீக்காளியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வீட்டில் பேச்சு. சின்னது குறைமாதத்தில் பிறந்ததிலிருந்தே அந்தப் பேச்சு. இது தெரிந்தால் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா வீடு என்று ஒன்று அவளுக்கு இல்லவும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. சூடுதான். நீ யார்கிட்டயும் சொல்லிடாதே."

"எனக்கு ஊசி இல்லையே. அவர் நாளன்னிக்கு வர்றார்."

அடுத்த விரிப்பு வந்தது. பொடிசு முகத்தைப் பார்க்காமல் முனையைக் கொடுத்தாள்.

"மூணு வாரம்தானே. ஏதாவது சொல்லிச் சமாளி. உனக்கென்ன, வீட்டுல கேக்கறதுக்கு ஆளா இருக்கு?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். இருந்தாலும் அது நெட்டையின் உள்ளே போய்த் தங்கிவிட்டது. அன்று மீதி விரிப்புகளை இரண்டு பேரும் முனையை மட்டும் பார்த்து மடித்தார்கள்.

சனிக்கிழமை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. அழுகைச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. எல்லோரும் போகிற வரைக்கும் நெட்டை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தனக்காகச் சொல்லப் போகிறோமா, அவளுக்காகவா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பாதிக்குப் பாதி என்று தோன்றியது. ஊசியை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு சொல்ல ஒரு வழி இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். அப்படி வழி இல்லை. எழுந்து போய்ச் சொன்னாள்.

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இரவல் குடுக்க இது என்ன குடையா?" என்றாள். "அவளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா உன் பேர்லதான் செத்திருப்பா. தெரியுதா?"

தெரிகிறது என்றாள் நெட்டை.

யார், எங்கே, எத்தனை குழந்தை என்று கேட்டு நர்ஸ் வேறொரு தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு கார்டில் இருந்த சிவப்பு எழுத்தின் குறுக்கே கோடு போட்டு, ஆள் மாறாட்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நெட்டைக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்தாள். ஊசி போட்டாள். போட்ட இடத்தைத் தேய்க்காதே என்று வழக்கம்போல் சொன்னாள். நெட்டை சட்டைக் கையை இறக்கிவிட்டபோது, தனக்கு வேண்டியது தனக்குக் கிடைத்துவிட்டது, பொடிசுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டாள்.

"வராது" என்றாள் நர்ஸ். "ஆனா அவ முட்டாள் இல்லையே."

ஞாயிற்றுக்கிழமை புருஷன் வந்தான். மூன்று நாள் இருந்தான். ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தான், அடுப்பைத் துடைத்துக் கொடுத்தான். பாப்பாவுக்கு ஒரு தம்பி என்று ஆரம்பித்தான். முதலில் பாப்பா பள்ளிக்கூடத்தில் சேரட்டும் என்றாள் நெட்டை. அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டான். அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அவன் ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தான். சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள். வாய் வரை வந்தது வந்த வழியே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் பிரஷர் மெஷினோடு சலவைக்கூடத்துக்கு வந்து இறங்கினாள். சூட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இலவசப் பரிசோதனை என்று மேஸ்திரியிடம் சொன்னாள். நாற்பத்திரண்டு பெண்களையும் வரிசையில் உட்கார வைத்தாள். முதலில் மேஸ்திரிக்கே பார்த்தாள். அவருக்கு எல்லோரையும்விட எகிறியிருந்தது. விசிலடித்தே ஏற்றிக்கொண்டார் என்று பெண்கள் சிரித்தார்கள். ஒரு ஆளைத் தனியாகக் கூப்பிட்டால் ஊர் பேசும், நாற்பத்திரண்டு பேரையும் கூப்பிட்டால் பேசாது என்று நர்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. பொடிசு கழிவறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நர்ஸ் அவசரப்படவில்லை. கடைசி ஆள் வரைக்கும் பார்த்து முடித்துவிட்டு, பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தாள். சாப்பாட்டு மணி முடிந்ததும் பொடிசு வெளியே வந்துதானே ஆக வேண்டும்.

பட்டையைச் சுற்றினாள், பார்த்தாள், அவளைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் பொடிசு திரும்பி நெட்டையை ஒரு தரம் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. தெரியாத ஒருவரிடம் வழி கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி பார்த்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் நெட்டைக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பொடிசு ஐந்து நாள் வேலைக்கு வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பிரஷருக்குத் தினமும் சாப்பிட மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்த உடம்பில் இன்னொரு கர்ப்பம் கூடாது என்று அவரே எழுதியதால், புருஷன் கையெழுத்து இல்லாமலே காப்பர்-டி வைத்தார்கள். அதற்குப் பிரஷர் தடையில்லை. ஓடு பதிக்கிறவன் டாக்டர் எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டானாம். மாமியார் மட்டும் சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னாளாம். பிள்ளைகளை யாரும் பிடுங்கவில்லை.

திரும்பி வந்த பொடிசை உருளையின் ஈரப் பக்கத்துக்கு மாற்றினார்கள். சூடு ஆகாது என்று நர்ஸ் எழுதிக் கொடுத்திருந்தாள், பொடிசும் கேட்டிருந்தாள். நடுவில் உருளை சுவர் மாதிரி நின்றது. அந்தப் பக்கம் அவள் ஈரமாக நுழைக்கிற விரிப்பு இந்தப் பக்கம் நெட்டையின் கைக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. சில நாள் ஓரம் கோணலாக வரும். தலைவலியோ என்று நினைத்துக்கொள்வாள். போய்க் கேட்க முடியாது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். பொடிசு டப்பாவை மூடிவிட்டு, "சாப்பிடறேன்" என்றாள். அக்கா என்று சேர்த்துச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டாள்.

எதிரே புதிதாக நின்றவள் நல்ல உயரம். வேலையில் சுத்தம், பேச்சில் கஞ்சம். விரிப்புகள் முன்னைவிட வேகமாக மடிந்தன. மேஸ்திரிக்கு ரொம்பத் திருப்தி.

நெட்டை அடுத்த ஊசிக்குத் தேதி தவறாமல் போனாள். அவள் செய்தது சரியா என்று நர்ஸிடம் கேட்கவில்லை, நர்ஸும் சொல்லவில்லை. கார்டில் தேதி எழுதினாள், அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் புருஷன் லாரியிலேயே குழந்தையைக் கொண்டுவந்து இறக்கினான். சரக்கு ஏற்ற நேரமாகிவிட்டது என்று அன்றைக்கே புறப்பட்டான். குழந்தை நெட்டை மாதிரியே கால் நீண்டு வளர்ந்திருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. கொடுத்ததைச் சாப்பிட்டது, கேட்டதற்குத் தலையாட்டியது, அழவில்லை. அழுதிருந்தால் நெட்டைக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

முதல் நாள் காலை. சீருடை போட்டு, தலை பின்னி, வாசலில் ஷூவை எடுத்து வைத்தாள். குழந்தை படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டது.

"அத்தை எப்ப வருவாங்க?"

இன்றைக்கு, நாளைக்கு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சமாளித்துச் சமாளித்து அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

"வரமாட்டாங்க. லீவு விட்டா நாம போய்ப் பாக்கலாம். இங்க நான் மட்டும்தான்."

குழந்தை அதை யோசித்துப் பார்த்தது. சுவரைப் பார்த்தது, சரிசெய்த ஜன்னலைப் பார்த்தது, அவளைக் கீழிருந்து மேல் வரை பார்த்தது. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. சலவைக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நெட்டை அவசரப்படுத்தவில்லை, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள்.

பிறகு குழந்தை ஷூ போட்டுவிட ஒரு காலை மட்டும் அவள் பக்கம் நீட்டியது.